திருகோணமலையிலிருந்து ஒரு பிரைவேட் லிமிடெட் கம்பனி: பதியவும் நடத்தவும் ஆகும் செலவு, படிப்படியாக

கம்பனி பதிய வருபவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "பதிய எவ்வளவு முடியும்?" என்பதுதான். "பதிந்த பிறகு வருஷத்துக்கு எவ்வளவு முடியும் என்று பார்த்தீர்களா?" என்று நான் திருப்பிக் கேட்பேன். பதிவுக் கட்டணம் ஒரு தரம் போகும் காசு. கணக்காய்வு, செயலாளர் கட்டணம், வரி, ஊழியர் சேமலாப நிதியான ஈபிஎஃப் எல்லாம் கம்பனி இருக்கும்வரை வரும். கடையைப் பூட்டி வைத்தாலும் அதில் பாதி வரும்.

நிலாவெளி விருந்தினர் விடுதிக்காரர், சீனக்குடாப் பக்கம் லொறி ஓட்டுபவர், நகரத்தில் கணினிக் கடை வைத்திருப்பவர் என்று பலருக்கு இந்த வேலையில் துணை நின்றிருக்கிறேன். அவர்கள் எங்கே தடுக்கினார்கள் என்பதை வைத்தே கீழே உள்ள வரிசையைப் போட்டிருக்கிறேன். வரிசையை மாற்றாதீர்கள். இந்த வேலையில் செலவு கூடுவது பெரும்பாலும் பின்னால் செய்ய வேண்டியதை முன்னால் செய்வதால்தான்.

1. முதலில் வரிக் கணக்கு

பெயர் யோசிக்கும் முன் ஒரு தாளும் பேனாவும் எடுங்கள். உங்கள் தொழிலின் ஆண்டு இலாபம் 24 இலட்சம் ரூபா என்று வைத்துக்கொள்வோம்.

தனியாள் வியாபாரமாக நடத்தினால், 2025 ஏப்ரல் முதல் தனிநபருக்கு ஆண்டுக்கு 18 இலட்சம் வரிவிலக்கு உண்டு. மீதி 6 இலட்சத்துக்கு 6 வீதம். கட்ட வேண்டியது 36,000 ரூபா.

அதே இலாபம் கம்பனியின் பெயரில் வந்தால் அந்த 18 இலட்சம் விலக்கு கம்பனிக்குக் கிடையாது. பொது வீதம் 30. ஆகவே 7 இலட்சத்து 20,000 வரி. மீதி 16 இலட்சத்து 80,000 ரூபாவைப் பங்கிலாபமாக உங்கள் கைக்கு எடுத்தால் அதில் 15 வீதம், அதாவது 2 இலட்சத்து 52,000 கழியும். மொத்தம் 9 இலட்சத்து 72,000.

இந்த இரண்டு தொகைகளையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டியபோது விடுதிக்காரர் ஒருவர் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "வீட்டில் காட்டிவிட்டு வருகிறேன்" என்று எழும்பிவிட்டார். இரண்டு வாரம் கழித்துத் திரும்பி வந்தார். அந்த இரண்டு வாரத்தை எல்லாரும் எடுக்க வேண்டும்.

இடைவழி ஒன்று உண்டு. நீங்கள் பணிப்பாளராக வேலை செய்து மாதம் 1 இலட்சத்து 50,000 சம்பளம் எடுத்தால் ஆண்டுக்கு 18 இலட்சம் வரும். அது உங்கள் தனிநபர் விலக்குக்குள் அடங்கிவிடும். அந்தச் சம்பளத்துக்குக் கம்பனி கட்டும் ஈபிஎஃப்பும் ஊழியர் நம்பிக்கை நிதியான ஈடிஎஃப்பும் சேர்ந்து 15 வீதம், அதாவது 2 இலட்சத்து 70,000. கம்பனியில் மிஞ்சுவது 3 இலட்சத்து 30,000. அதற்கு வரி 99,000 ரூபா. ஈபிஎஃப் காசு உங்கள் கணக்கிலேயே சேர்வதால் அதை முழு நட்டமாக எடுக்க வேண்டாம்.

சம்பளத்தை உண்மையாகவே மாதாமாதம் வங்கி வழியாகக் கொடுத்துப் பதிவேட்டில் எழுத வேண்டும். வருஷ முடிவில் ஒரே வரியில் "பணிப்பாளர் சம்பளம் 18 இலட்சம்" என்று போட்டால் கணக்காய்வாளர் கேள்வி கேட்பார், பிறகு இறைவரித் திணைக்களமும் கேட்கும்.

இந்தக் கணக்கைப் போட்ட பிறகும் கம்பனி வேண்டும் என்றால் அதற்கு வேறு காரணம் இருக்க வேண்டும். பங்காளிகள் சேர்கிறார்கள், பெரிய நிறுவனம் ஒப்பந்தத்துக்குக் கம்பனி கேட்கிறது, கடன் சொந்த வீட்டைத் தொடக்கூடாது என்பவை நல்ல காரணங்கள். கடைசிக் காரணத்தில் மட்டும் கவனம். சிறிய கம்பனிக்கு வங்கி கடன் கொடுக்கும்போது பெரும்பாலும் பணிப்பாளரின் தனிப்பட்ட உத்தரவாதத்தையும் கேட்கும். அதில் கையெழுத்து வைத்துவிட்டால் அந்தக் கடனுக்கு நீங்களே பொறுப்பு.

2. செயலாளரிடம் எழுத்தில் விலை கேளுங்கள்

பலர் பெயரைப் பதிந்துவிட்டுத்தான் செயலாளரைத் தேடுகிறார்கள். 2007 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டப்படி ஒவ்வொரு கம்பனிக்கும் அதன் பதிவேடுகளையும் படிவங்களையும் பார்த்துக்கொள்ளும் செயலாளர் வேண்டும். அவருடைய சம்மதம் இல்லாமல் பதிவே முடியாது. பாதி வழியில் போய்க் கேட்டால் சொன்ன விலைக்குத் தலையாட்ட வேண்டிவரும்.

கொழும்பிலும் ஆள் இருக்கிறார்கள், கிழக்கிலும் இருக்கிறார்கள். யாரிடம் கேட்டாலும் "மாதம் எவ்வளவு?" என்பதோடு நிறுத்தாதீர்கள். ஆண்டுதோறும் பதிவாளருக்குக் கொடுக்கும் வருடாந்தத் திரட்டு அந்தத் தொகைக்குள் அடங்குமா? திணைக்களக் கட்டணம் சேர்ந்ததா, தனியா? வங்கிக்குத் தேவையான தீர்மானம் எழுதித் தந்தால் ஒவ்வொன்றுக்கும் காசா? பணிப்பாளர் மாறினால் எவ்வளவு? வேறு செயலாளரிடம் போக நினைத்தால் பதிவேடுகளைத் தருவாரா, அதற்கும் கட்டணமா?

கடைசிக் கேள்விதான் எனக்கு முக்கியம். என் முதல் கம்பனியில் மாதக் கட்டணம் குறைவு என்று ஒருவரைப் பிடித்தேன். மாற நினைத்தபோது பங்குப் பதிவேடும் கூட்டக் குறிப்புகளும் அவரிடம் சிக்கிக்கொண்டன. அவற்றை மீட்க ஐந்து மாதம் போயிற்று. வங்கி கேட்ட தீர்மானம் ஒன்றும் அதற்குள் தவறிப்போயிற்று. இப்போது யாருக்கு உதவினாலும், எல்லாப் பதிவேட்டின் பிரதியும் பணிப்பாளர் வீட்டில் ஒரு கோப்பில் இருக்கிறதா என்று முதலில் பார்க்கிறேன்.

அதே நாளில் கணக்காய்வாளரிடமும் ஆண்டுக் கட்டணம் கேட்டுவிடுங்கள். தனியார் கம்பனிக்குப் பட்டயக் கணக்காளரோ பதிவுபெற்ற கணக்காய்வாளரோ போதும். பற்றுச்சீட்டுகளை ஒழுங்காகக் கட்டி, மாதவாரியாகப் பதிவு எழுதிக் கொடுத்தால் கட்டணம் குறையும். ஒரு சாக்குப்பை நிறையக் கடதாசி கொண்டுபோய்க் கொட்டினால் கூடும். இதில் பேரம் பேசுவதைவிட ஒழுங்காக வைத்திருப்பதில்தான் காசு மிச்சம்.

3. கையில் எடுத்து வைக்க வேண்டியவை

பணிப்பாளர்கள், பங்குதாரர்கள், செயலாளர் எல்லாருடைய அடையாள அட்டைப் பிரதி, மின்னஞ்சல், கைபேசி எண். பதிவு அலுவலகமாகக் காட்டும் இடத்தின் முழு முகவரி, கிராம சேவகர் பிரிவு உட்பட. ஒரு நல்ல ஸ்கேனர். ஒன்லைனில் காசு கட்டக்கூடிய வங்கி அட்டை.

தனியார் கம்பனிக்கு ஒரு பணிப்பாளர், ஒரு பங்குதாரர் போதும். இருவரும் ஒரே ஆளாகவும் இருக்கலாம். பங்குதாரர்கள் 50 பேருக்கு மேல் போகக்கூடாது. மரியாதைக்காக மாமாவையும் மச்சானையும் பணிப்பாளர் ஆக்காதீர்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு சம்மதப் படிவம், ஒரு கட்டணம். பிறகு ஒவ்வொரு வங்கி வேலைக்கும் அவர் கையெழுத்துக்காக மூதூருக்கும் கிண்ணியாவுக்கும் அலைய வேண்டிவரும்.

வாடகைக் கடையைப் பதிவு முகவரியாகக் கொடுக்காமல், நீங்கள் நீண்ட காலம் இருக்கப்போகும் வீட்டைக் கொடுங்கள். வரிக் கடிதமும் வழக்கு அறிவித்தலும் அந்த முகவரிக்குத்தான் வரும்.

4. பெயர்

பெயர் விண்ணப்பம் கம்பனிப் பதிவாளர் திணைக்களத்தின் ஈரொக் (eROC) இணையத்தளத்தில். கொழும்புக்கு இரவு ரயில் ஏறத் தேவையில்லை. முதலில் அங்கேயே தேடிப் பாருங்கள். ஏற்கெனவே உள்ள பெயருக்கு மிக நெருங்கியிருந்தால் நிராகரிப்பார்கள். "தேசிய", "அரச", "இலங்கை" போன்ற சொற்களுக்கு விசேட அனுமதி வேண்டும்.

திருகோணமலையில் கோணேசர், திருக்கோணம், ட்ரிங்கோ என்று தொடங்கும் பெயர்கள் நிறைய இருக்கும் என்று எதிர்பாருங்கள். மூன்று பெயர்களை வரிசைப்படுத்தி வைத்துக்கொள்ளுங்கள்.

அனுமதி கிடைக்கும்வரை பெயர்ப்பலகை, லெட்டர்ஹெட், ரப்பர் முத்திரை எதற்கும் முற்பணம் கொடுக்காதீர்கள். உப்புவெளியில் ஒரு தம்பி பலகையை அடித்து மாட்டிய பிறகு விண்ணப்பித்தார். பெயர் போயிற்று, பலகையும் போயிற்று.

5. பங்கும் மூலதனமும்

சட்டத்தில் குறைந்தபட்ச மூலதனம் என்று ஒன்றில்லை. பத்து ரூபாவுக்கும் கம்பனி தொடங்கலாம். அதற்காக அப்படித் தொடங்காதீர்கள். தேறிய சொத்து (கடன்களைக் கழித்த மீதி), கூறப்பட்ட மூலதனத்தின் (பங்குக்காகப் போட்ட காசின்) பாதிக்குக் கீழே இறங்கினால் பணிப்பாளர்கள் பங்குதாரர் கூட்டம் கூட்ட வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. பத்து ரூபா மூலதனத்தில் முதல் மாத வாடகையிலேயே அந்த நிலை வந்துவிடும். வங்கி அதிகாரியும் அந்தத் தொகையைத்தான் முதலில் பார்ப்பார். தொடக்கச் செலவுக்கு உண்மையில் போடும் காசை மூலதனமாகக் காட்டுவது நல்லது.

கனடாவிலோ லண்டனிலோ உள்ள அண்ணா காசு போடுகிறார் என்றால் இரண்டு விஷயம் பார்க்க வேண்டும். அவர் இலங்கைக் குடியுரிமையை விட்டவரா, இரட்டைக் குடியுரிமை உள்ளவரா என்பது முதலாவது. வெளிநாட்டவர் என்றால் பங்குக்கான காசு, வெளிநாட்டு முதலீட்டுக்கென்று இங்குள்ள வங்கியில் திறக்கும் உள்முக முதலீட்டுக் கணக்கு வழியாக வரவேண்டும். அப்படி வந்தால்தான் பங்கிலாபத்தைத் திரும்ப அனுப்பும்போது வில்லங்கம் இருக்காது. உங்கள் சொந்தக் கணக்குக்கு அனுப்பச் சொல்லாதீர்கள்.

இரண்டாவது, பங்கு வீதம். வெளிநாட்டவரின் பங்கு 50 வீதமோ அதற்கு மேலோ இருந்தால், 2014 ஆம் ஆண்டின் 38 ஆம் இலக்கக் காணிச் சட்டம் அந்தக் கம்பனி காணி வாங்குவதைத் தடுக்கிறது. நிலாவெளியில் கடற்கரைக் காணி வாங்கத்தான் கம்பனியே தொடங்குகிறீர்கள் என்றால், பங்கைப் பிரிக்கும் நாளிலேயே இதை யோசிக்க வேண்டும்.

6. படிவங்கள்

மூன்று படிவங்களும் அமைப்பக விதிகளும் (கம்பனி உள்ளுக்குள் எப்படி நடக்க வேண்டும் என்ற விதிகள்) போதும். படிவம் 1 பதிவு விண்ணப்பம். படிவம் 18 பணிப்பாளர் சம்மதம், ஆளுக்கொன்று. படிவம் 19 செயலாளர் சம்மதம். சிறிய கம்பனிக்குச் சட்டத்தின் முதலாம் அட்டவணையில் உள்ள மாதிரி விதிகளையே எடுத்துக்கொள்ளலாம். பங்காளிகளுக்கிடையே தனி ஏற்பாடு இருந்தால் மட்டும் சட்டத்தரணிக்குக் காசு கொடுத்து எழுதுங்கள்.

இணையத்தில் நிரப்பி, இறக்கி, அச்செடுத்து, கையெழுத்து வைத்து, ஸ்கேன் பண்ணி ஏற்ற வேண்டும். திருப்பி அனுப்பப்படுவது பெரும்பாலும் இரண்டு காரணத்தால். அடையாள அட்டையில் உள்ள பெயரும் படிவத்தில் உள்ள பெயரும் ஓர் எழுத்தாவது மாறியிருக்கும். அல்லது கைபேசியில் எடுத்த படம் மங்கலாக இருக்கும். தமிழ்ப் பெயரை ஆங்கிலத்தில் எழுதும்போது பிறப்புச் சான்றிதழில் ஒரு விதம், கடவுச்சீட்டில் ஒரு விதம் என்பது நம் எல்லார் வீட்டிலும் உண்டு. எந்த ஆவணத்தைக் காட்டுகிறீர்களோ அதில் உள்ளபடியே எழுத்துக்கு எழுத்து போடுங்கள். அதையே பிறகு வங்கிக்கும் வரிக்கும் வையுங்கள்.

கட்டணம் ஒவ்வொரு படிவத்துக்கும் தனித்தனியாகக் கணக்கிடப்பட்டுக் கடைசியில் திரையில் கூட்டித் தெரியும். அந்தப் பற்றுச்சீட்டை இறக்கி வையுங்கள். கம்பனியின் முதல் செலவு அதுதான், கணக்காய்வாளர் கேட்பார்.

7. பகிரங்க அறிவித்தல்

சான்றிதழ் வந்ததும் எல்லாம் முடிந்தது என்று நினைப்பார்கள். பதிந்த நாளிலிருந்து 30 வேலை நாட்களுக்குள் கம்பனியின் பெயர், இலக்கம், பதிவு முகவரி ஆகியவற்றை வர்த்தமானியிலும் சிங்கள, தமிழ், ஆங்கிலப் பத்திரிகைகளிலும் அறிவிக்க வேண்டும். இதற்கும் காசு. பதிவுச் செலவைக் கணக்கிடும்போது விட்டுப்போகும் முதல் வரி இதுதான். முதல் நாளே ஒதுக்கி வையுங்கள்.

8. வங்கி, வரி இலக்கம், அனுமதிகள்

முதலில் வங்கிக் கணக்கு. சான்றிதழ், படிவப் பிரதிகள், அமைப்பக விதிகள், கணக்குத் திறக்கும் தீர்மானம் கேட்பார்கள். அடுத்து உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தில் கம்பனிக்கான வரி இலக்கம். உங்கள் சொந்த இலக்கத்தைக் கம்பனிக்குப் பயன்படுத்த முடியாது.

ஏற்கெனவே பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயர் பதிந்து நடத்தியவர் என்றால் இங்கேதான் குழம்புவார். பழைய பெயரில் எடுத்த வியாபார உரிமம், சுற்றுலாச் சபைப் பதிவு, மின்சாரக் கணக்கு, ஈபிஎஃப் இலக்கம் எதுவும் தானாகக் கம்பனிக்கு வராது. ஒவ்வொன்றாக மாற்ற வேண்டும். நிலாவெளி என்றால் குச்சவெளிப் பிரதேச சபை, உப்புவெளி என்றால் பட்டினமும் சூழலும் பிரதேச சபை. எல்லாம் கம்பனிக்கு மாறிய பிறகே பழைய வியாபாரத்தை நிறுத்துங்கள். இடையில் ஒரு மாதம் உரிமமில்லாமல் இருந்தால் அந்த மாதத்தில்தான் பரிசோதகர் வருவார்.

வற் வரிக்கு (பெறுமதி சேர் வரிக்கு) பதிவதா என்பதை விற்பனையைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். பதிவு எல்லை ஆண்டுக்கு 30 கோடியாக இருந்தது. 2022 ஒக்டோபரில் 8 கோடிக்கும், 2024 ஜனவரியில் 6 கோடிக்கும் இறங்கியது. இது கீழ்நோக்கிப் போகும் எண், ஆகவே ஒவ்வொரு வரவுசெலவுத் திட்டத்துக்குப் பிறகும் உங்கள் விற்பனையோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

9. காணியை அவசரப்பட்டுக் கம்பனிக்கு எழுதாதீர்கள்

இது ஒரு கையெழுத்தில் போகும் பெரிய காசு. காணி உறுதியைக் கம்பனி பெயருக்கு மாற்றினால் முத்திரைத் தீர்வை முதல் 1 இலட்சத்துக்கு 3 வீதம், மீதிக்கு 4 வீதம். 1 கோடி பெறுமதியான காணிக்கு 3,99,000 ரூபா, நொத்தாரிசு கட்டணம் வேறு. கம்பனி கடனில் விழுந்தால் காணியும் அதோடு போகும்.

பெரும்பாலானோருக்குக் காணியைச் சொந்தப் பெயரில் வைத்துக்கொண்டு கம்பனிக்குக் குத்தகைக்குக் கொடுப்பதே பாதுகாப்பு. குத்தகைக்கும் தீர்வை உண்டு, வாடகை உங்கள் வருமானமாகும். இரண்டையும் கணக்கில் போட்டே ஒப்பந்தம் எழுதுங்கள்.

10. ஆட்களை வேலைக்கு எடுக்கும்போது

45,000 ரூபா சம்பளத்துக்கு ஒருவரை எடுக்கிறீர்கள். ஈபிஎஃப் 12 வீதம் 5,400, ஈடிஎஃப் 3 வீதம் 1,350. உங்களுக்கு ஆகும் செலவு 51,750. அவர் சம்பளத்திலிருந்து 8 வீதம், 3,600 பிடித்து அதையும் சேர்த்துக் கட்ட வேண்டும்.

தாமதித்தால் 5 வீதத்தில் தொடங்கும் மிகைக்கட்டணம் ஓராண்டைத் தாண்டினால் 50 வீதம் வரை ஏறும். வழக்குப் போட்டால் பணிப்பாளர் மீதும் வரும். கம்பனி என்ற மறைப்பு இங்கே உதவாது. சீசனுக்கு மட்டும் வருகிற பையன்களுக்கும் இது பொருந்தும். அவர்கள் பிற்காலத்துக்கென்று சேரும் ஒரே காசு பல வேளைகளில் இதுதான். தயவுசெய்து இதில் கை வைக்காதீர்கள்.

11. ஆண்டுச் சுற்று

கணக்காண்டை மார்ச் 31 இல் முடியுங்கள். வரியாண்டும் ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை என்பதால் ஒரே கணக்கு இரண்டுக்கும் போதும். வேறு திகதியில் முடித்தால் இரட்டை வேலை, இரட்டைக் கட்டணம்.

ஆறு மாதத்துக்குள், அதாவது செப்டெம்பர் இறுதிக்குள், நிதிக்கூற்று தயாராக வேண்டும். பொதுக் கூட்டமோ அதற்குப் பதிலான எழுத்துத் தீர்மானமோ முடிந்து 30 வேலை நாட்களுக்குள் படிவம் 15, வருடாந்தத் திரட்டு. வருமான வரி விபரத்திரட்டு நவம்பர் 30.

வருமான வரி நான்கு தவணை: ஆகஸ்ட் 15, நவம்பர் 15, பெப்ரவரி 15, மே 15. மீதி செப்டெம்பர் 30. இதில் எங்கள் ஊருக்கென்று ஒரு சிக்கல் இருக்கிறது. கிழக்குக் கடற்கரைச் சீசன் மே முதல் செப்டெம்பர் வரை. ஆகஸ்ட் தவணை வரும்போது கையில் காசு புரளும். நவம்பரில் மழை, கடல் கொந்தளிப்பு, அறைகள் காலி. பெப்ரவரியிலும் பெரிதாக ஒன்றுமில்லை. ஆகவே ஜூலை, ஆகஸ்ட் வருமானத்திலேயே அடுத்த இரண்டு தவணைக்கும் கணக்காய்வுக் கட்டணத்துக்கும் தனிச் சேமிப்புக் கணக்கொன்றில் போட்டு வையுங்கள். அந்தக் கணக்கின் அட்டையை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள்.

"வியாபாரமே நடக்கவில்லை, எதற்கு விபரத்திரட்டு?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். வருமானம் பூச்சியமானாலும் கொடுக்க வேண்டும். தவறினால் தண்டம் குறைந்தது 50,000 ரூபா, அதோடு மாதத்துக்கு 10,000, உச்சம் 4 இலட்சம். பதிய ஆன செலவைவிட இது பல மடங்கு.

12. மாற்றங்கள்

முகவரி மாறினால் படிவம் 13. பணிப்பாளரோ செயலாளரோ மாறினால் படிவம் 20, அதற்கு 20 வேலை நாட்கள். புதிய பங்கு வெளியிட்டால் படிவம் 6. ஒவ்வொன்றுக்கும் திணைக்களக் கட்டணமும் செயலாளர் கட்டணமும் உண்டு. இரண்டு மாற்றம் வரப்போகிறது என்றால் ஒரே தீர்மானத்தில் எடுத்துச் செயலாளரிடம் ஒரே தடவையாகக் கொடுங்கள்.

2025 திருத்தச் சட்டத்துக்குப் பிறகு, பங்கு யார் பெயரில் இருந்தாலும் உண்மையில் கம்பனியை ஆள்பவர் யார் என்ற விபரத்தையும் பேண வேண்டும். தம்பி பெயரில் பங்கை வைத்து அண்ணன் நடத்தும் ஏற்பாடு இருந்தால் அதைச் செயலாளரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

13. மூடுவது

கம்பனியை அப்படியே கைவிட்டால் அது மூடப்பட்டதாகாது. திரட்டுகள் நிலுவையாகிக்கொண்டே போகும், தண்டமும் ஏறும். பதிவிலிருந்து நீக்கச் சொல்லிக் கேட்பதற்கு முன் கடன்களைத் தீர்த்து, ஈபிஎஃப் பாக்கி கட்டி, வங்கிக் கணக்கை மூடி, இறைவரித் திணைக்களத்தில் வரிப் பாக்கி இல்லை என்று எழுத்தில் பெற வேண்டும்.

கடைசி ஆண்டுக் கணக்காய்வுக்கும் செயலாளருக்கும் கொடுக்க வேண்டியதைக் கணக்கு மூடுவதற்கு முன்பே எடுத்துக் கொடுத்துவிடுங்கள். கணக்கை முதலில் மூடிவிட்டு, கணக்காய்வாளருக்குச் சொந்தக் காசில் கட்டி, அதைக் கம்பனிக் கணக்கில் எப்படிக் காட்டுவது என்று தெரியாமல் என்னிடம் வந்தவர்கள் இதுவரை மூன்று பேர்.